தைக்குப் பிறகு காலியாகும் வகுப்பறைகள்: பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பருவகால இடப்பெயர்வு – ஒரு நிகழ்வு ஆய்வு

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 2022 ஜூன் முதல் 2025 மே வரை, மூன்று கல்வியாண்டுகளில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊர், பள்ளி, ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. அந்த ஊர்க் குடும்பங்களில் பல, முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போகிறவை. யார் எவரிடம் கடன்பட்டிருக்கிறார் என்பது வெளியே தெரிந்தால் சிரமம் அவர்களுக்குத்தான்.

நான் அதே வட்டாரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பிப்பவன். கணக்கெடுப்பை எப்படி அமைப்பது என்று கேட்டு அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அழைத்ததால் இதில் சேர்ந்தேன். முடிவுகளை எடுத்தவர்கள் அந்தப் பள்ளி ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவும்தான்.

பின்னணி

1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் மக்கள்தொகை 15 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. அதில் நகரங்களில் வசித்தவர்கள் 17 சதவீதம்தான். தமிழ்நாடு முழுமைக்கும் அது 48 சதவீதம். எழுத்தறிவில் 68.5 சதவீதத்துடன் மாநிலத்திலேயே கடைசி இடம். 2001க்கும் 2011க்கும் இடையில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 20 சதவீதத்துக்கு மேல் கூடியபோது தருமபுரி சுமார் 16 சதவீதம்தான் கூடியது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டே இருக்கும் ஓசூர் அந்தப் பக்கம் இருக்கிறது. தருமபுரிக்கு அப்படி ஒரு ஊர் இல்லை.

நம் கிராமம் பென்னாகரத்திலிருந்து உள்ளே தள்ளி, கரட்டை ஒட்டி இருக்கிறது. காவிரி ஒகேனக்கல்லில் இவ்வளவு பக்கத்தில் ஓடினாலும், பள்ளத்தில் ஓடும் ஆறு மேட்டு நிலத்துக்குப் பாசனம் தராது. குடிநீர் மட்டும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. நிலம் முழுக்க மானாவாரி. ஆடியில் விதைத்தால் கேழ்வரகும் நிலக்கடலையும், ஊடுபயிராகத் துவரையும் அவரையும். மார்கழியில் அறுவடை ஓய்ந்ததும் அடுத்த மழை வரை நிலத்தில் செய்ய ஒன்றுமில்லை. இந்த ஆய்வுக் காலத்தில் நூறு நாள் வேலை இருந்தது. ஆனால் அப்போது ஒரு குடும்பத்துக்குச் சேர்த்துத்தான் நூறு நாள் என்பதை வெளியூர் ஆட்கள் பலர் மறந்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் பின்னணியில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 2001இல் 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டியிருந்தது. 2011இல் அந்த எண் 913 ஆனது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் வீட்டில் நெருக்கடி வரும்போது யாருடைய பங்கு முதலில் வெட்டுப்படும் என்ற கேள்வி இங்கே இன்னும் முடிந்துபோகவில்லை என்பது இந்த ஆய்விலும் தெரிந்தது.

முதலில் கண்ணில் பட்டது: 2022 ஜூன் – 2023 ஏப்ரல்

தலைமையாசிரியை 2022 ஜூனில் மாறுதலாகி வந்தார். அந்த ஆண்டுதான் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மாநிலம் முழுவதும் புதிதாக அமைக்கப்பட்டன. தலைவியாக வந்தவர் இரண்டு பிள்ளைகளின் தாய். முன்பு கணவரோடு செங்கல் சூளைக்குப் போய்ப் பழகியவர். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இவர் வந்தது பெரிய பலம்.

அரையாண்டு விடுமுறை வரை வருகை நன்றாகவே இருந்தது. பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்புக்கு நாலு பேர், ஐந்து பேர் காணவில்லை. ஊருக்குப் போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்று பதில் வந்தது. மாசியில் இன்னும் சிலர் குறைந்தார்கள். பங்குனியில் நான்காம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள்கூட இல்லை. ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு எழுதியவர்களைவிட எழுதாதவர்கள் அதிகமாக இருந்த வகுப்பும் உண்டு.

விசாரித்தபோது, இது ஆண்டுதோறும் நடப்பதுதான் என்றார்கள் பழைய ஆசிரியர்கள். ஜூனில் திரும்பி வந்துவிடுவார்கள், எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் அடுத்த வகுப்பில் உட்காருவார்கள். சரி, பெயர் விடுபடவில்லையே என்று எல்லோரும் ஆறுதல் அடைந்திருந்தார்கள். ஆனால் பாடம் மூன்று பருவமாக இருக்கும்போது, மூன்றாம் பருவப் புத்தகத்தை ஒரு ஆண்டுகூடப் பிரித்தே பார்க்காமல் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பதே அவர்களுக்குத் திணறலாக இருந்தது.

இன்னொரு பிரச்சினையும் கூடவே இருந்தது. பள்ளியின் மொத்தச் சேர்க்கை பத்தாண்டுகளாகச் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கல்வி உரிமைச் சட்டப்படி மூன்றாவது ஆசிரியர். அந்த விளிம்பில் பள்ளி நின்றது. எல்லாரும் பிழைக்கப் போய்விட்டதால்தான் பள்ளிக்கூடம் காலியாகிறது என்பது ஊரில் பொதுவாகச் சொல்லப்பட்ட காரணம். அது எந்த அளவு உண்மை என்று பார்ப்பதில் தொடங்கலாம் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன்.

குறைவை மூன்றாகப் பிரித்தது

ஓர் இடத்தின் மக்கள்தொகை மாற மூன்றே வழிகள்: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு. பள்ளிச் சேர்க்கைக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். இறப்பு இருக்கும் இடத்தில் வேறு பள்ளிக்குப் போவதை வைத்துக்கொள்ளலாம். 2023 ஜூனில் மூன்று பதிவேடுகளை அருகருகே வைத்தோம். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, கிராம சுகாதாரச் செவிலியர் வைத்திருக்கும் தாய்-சேய்ப் பதிவேடு. பிரசவம் பென்னாகரத்திலோ தருமபுரியிலோ மருத்துவமனையில் நடப்பதால் பிறப்புப் பதிவு மருத்துவமனை இருக்கும் ஊரில்தான் இருக்கும். தலைப்பிரசவம் என்றால் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். குழந்தை வேறு ஊராட்சிக் கணக்கில் போகும். ஆகவே ஊர்வாரியாகத் தெரிந்துகொள்ளச் செவிலியரின் பதிவேட்டை விட்டால் வேறு வழியில்லை. அவர் பொறுமையாக உட்கார்ந்து பெயர் பெயராகச் சொன்னார்.

சேர்க்கைச் சரிவில் பெரும்பங்கு பிறப்புக் குறைவு. ஊரில் முன்பு நாலு, ஐந்து பிள்ளைகள் பெற்ற வீடுகளில் இப்போது இரண்டு. இது இந்த ஊரின் தனிக்கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண் வாழ்நாளில் பெறும் சராசரிப் பிள்ளைகள்) 1.8, ஒரு தலைமுறை தன் எண்ணிக்கையை ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1ஐவிடக் குறைவு. அடுத்த பங்கு, வேன் வைத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் தனியார் பள்ளிகள். மூன்றாவதாகத்தான் இடப்பெயர்வு வந்தது. அதிலும் ஓசூரிலோ பெங்களூரிலோ நிரந்தரமாகக் குடியேறிவிட்ட குடும்பங்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் எல்லோரும் போய்த் திரும்புகிறவர்கள்.

இந்தப் பிரிப்பு முக்கியமானது என்று இன்றும் நினைக்கிறேன். பிறப்பு குறைந்ததைப் பள்ளி ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டியதில்லை. சிறிய குடும்பம் பெண்களே பாடுபட்டு அடைந்த நன்மை. போய்த் திரும்புகிறவர்களோ சேர்க்கைப் பதிவேட்டில் எப்போதும் இருக்கிறார்கள், வகுப்பறையில் மட்டும் இல்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசியதால்தான் அதுவரை யாருக்கும் என்ன செய்வதென்று தோன்றவில்லை.

மாதக் கணக்கு

அடுத்ததாக வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு. எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் இடம்பெயர்தல் பற்றி ஒரு பாடமே இருக்கிறது. அதன் செயல்பாடாக மாணவர்களே கேள்விகளை எடுத்துப்போகட்டும் என்றார் பாட ஆசிரியர். நல்ல யோசனை. ஆனால் முன்பணம், கடன் பற்றிய கேள்விகளைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம். பக்கத்து வீட்டுக் கடனை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை எழுதிக்கொண்டு வருவது இரண்டு வீட்டுக்கும் நல்லதல்ல. அவற்றை மேலாண்மைக் குழுத் தலைவியும் ஓர் ஆசிரியையும் தனியாகப் பேசித் தெரிந்துகொண்டார்கள்.

மாணவர்கள் கேட்டது எளிய கேள்வி: போன சித்திரையிலிருந்து இந்தச் சித்திரை வரை, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் எந்தெந்த மாதம் எங்கே இருந்தார்கள்? ஆங்கில மாதம் கேட்டால் பதில் குழம்பியது. தமிழ் மாதத்திலும் பண்டிகையிலும் கேட்டதும் தெளிவாக வந்தது. பொங்கலுக்கு மறுவாரம் போனோம், மாரியம்மன் திருவிழாவுக்கு நாலு நாள் வந்தோம், ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடி வந்துட்டோம் என்று சொல்வார்கள்.

அதையெல்லாம் ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு கட்டமாக வரைந்தபோது, இடப்பெயர்வு என்று நாங்கள் ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்தது மூன்று வெவ்வேறு ஓட்டங்கள் என்று தெரிந்தது.

காபித் தோட்டத்துக்குப் போகிறவர்கள் கார்த்திகையிலேயே கிளம்புகிறார்கள். சிக்மகளூர், குடகுப் பக்கம் பழம் பறிப்பு. மாசி வாக்கில் திரும்புகிறார்கள். இவர்களில் கணவன் மனைவி சேர்ந்து போவதும், நடுவயதுப் பெண்கள் கூட்டமாகப் போவதும் உண்டு. செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் தையில் கிளம்பி மழை பிடிக்கும்வரை இருக்கிறார்கள். இங்கே ஜோடியாகத்தான் எடுப்பார்கள். ஒருவர் மண் குழைக்க, ஒருவர் கல் அறுக்க. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. முன்பணமும் ஜோடிக்குத்தான். அதனால் பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். மூன்றாவது ஓட்டம் பெங்களூருக் கட்டட வேலை. மேஸ்திரி வழியாகப் போய், கம்பி கட்டுவது, சென்ட்ரிங், சித்தாள் வேலை. வாரக்கூலி. பெரும்பாலும் ஆண்கள் தனியாகப் போகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை பாலக்கோடு வழி ரயிலிலோ ஓசூர் பஸ்ஸிலோ வந்துபோக முடிகிறது.

வகுப்பறையைக் காலியாக்கியது முக்கியமாக இரண்டாவது ஓட்டம். ஆட்களின் எண்ணிக்கையில் பெங்களூருதான் பெரியது. ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கையில் சூளைதான் பெரியது. இது தெரியாமல் எல்லா வீட்டிலும் ஒரே அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தால் பயனே இருந்திருக்காது.

இன்னொன்று, எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி கூட்டிச் செல்லப்படவில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பையன்களைப் பாட்டியிடம் விட்டுப் போன வீடுகளிலேயே, அதே வயதுப் பெண்பிள்ளையைக் கூட்டிப்போயிருந்தார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும் ஆள் வேண்டும் என்பது ஒரு காரணம். வயதுக்கு வந்த பெண்ணைக் கிழவியை நம்பி விட்டுப்போக முடியாது என்பது இன்னொன்று. இரண்டாவது காரணம் முற்றும்போது அது கல்யாணப் பேச்சாக மாறுகிறது. எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுக்கு அந்த ஆண்டு அப்படிப் பேச்சு நடந்தது தெரிந்து, குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் போனது, பேச்சு நின்றது. அவள் இப்போது பென்னாகரத்தில் படிக்கிறாள்.

எந்த நாளில் எண்ணுகிறோம்

இந்தப் பன்னிரண்டு கட்டத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பள்ளியில் ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்க ஆகஸ்ட் 1ஆம் தேதிச் சேர்க்கையைப் பார்க்கிறார்கள். அது ஆடி மாதம். விதைப்பு நேரம்; ஊர் முழுதாக இருக்கும் நாள். நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்து, மார்ச் 1ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவைக் குறிப்பு நேரமாகக் கொண்டது. அது மாசி மாதம். ஊர் மிகக் காலியாக இருக்கும் நாட்கள். அந்த இருபது நாளும் வீட்டில் இல்லாதவரை வீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது, எங்கே இருக்கிறாரோ அங்கேதான் எண்ண வேண்டும் என்பது விதி. சூளைக் கொட்டகையிலும் கட்டடத்தை ஒட்டிய ஷெட்டிலும் கணக்கெடுப்பாளர் நுழைந்திருந்தால் அவர்கள் அந்த ஊர்க்காரர்கள். நுழையாவிட்டால் எங்கேயும் இல்லாதவர்கள்.

ஆகவே ஒரே கிராமத்தை இரண்டு அரசுக் கணக்குகள் இரண்டு எதிர்முனைகளில் நின்று பார்க்கின்றன. இரண்டுமே அவரவர் நோக்கத்துக்குச் சரி. ஆனால் ஆண்டின் நடுவில் நடக்கும் போக்குவரத்து இரண்டிலும் விழாது. 2007-08 தேசிய மாதிரி ஆய்வு இதற்காகவே குறுகிய கால இடம்பெயர்வோர் என்று தனி வகை வைத்தது: முந்தைய 365 நாளில் வேலைக்காக ஒரு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்குள் வெளியே இருந்தவர்கள். நம் சூளைக் குடும்பங்கள் அந்த வரையறைக்குள் பெரும்பாலும் அடங்கும்.

பாடப்புத்தகத்தில் ஊரைவிட்டுத் தள்ளும் காரணங்களை உந்துவிசை என்றும் வேறு ஊருக்கு இழுக்கும் காரணங்களை ஈர்ப்புவிசை என்றும் படிக்கிறோம். 1966இல் இடப்பெயர்வு ஆய்வாளர் எவரெட் லீ அதை எழுதும்போது, இடையில் நிற்கும் தடைகளையும் ஆளுக்கு ஆள் வேறுபடும் காரணங்களையும் சேர்த்தே சொன்னார். தேர்வுக்குப் படிக்கும்போது அந்தப் பின்பாதி விடுபட்டுப்போகிறது. இந்த ஊரில் முடிவைத் தீர்மானித்தது பின்பாதிதான். ஒரே வறட்சி, ஒரே நிலம். ஆனால் வீட்டில் நடமாடக்கூடிய ஒரு பாட்டி இருக்கிறாரா என்பதைப் பொறுத்து ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளியில் இருந்தது, இன்னொரு வீட்டுப் பிள்ளை சூளையில் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்: 2023 செப்டம்பர் – டிசம்பர்

முதல் முடிவு, யாரையும் போகாதே என்று சொல்வதில்லை. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் ஆசிரியர் பெற்றோரிடம் உறுதிமொழி எழுதி வாங்கலாம் என்றார். தலைவி மறுத்துவிட்டார். "போகாம இருந்தா மாசியில அடுப்பு எரியாது சார். எழுதிக் குடுத்துட்டு ராத்திரியில கிளம்பிப் போவாங்க. அப்புறம் நம்மகிட்ட சொல்லவும் மாட்டாங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. போவதைச் சொல்லிவிட்டுப் போகும்படி செய்தாலே பாதி வேலை ஆகும் என்பதே பிறகு எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இரண்டாவது, வராத பிள்ளைக்கு வருகை போடுவதில்லை. தொடர்ந்து வராவிட்டால் எமிஸில் (மாணவர் விவரங்களை வைத்திருக்கும் அரசுக் கணினிப் பதிவு) பிள்ளையின் பெயர் எந்தப் பள்ளியிலும் சேராத பொதுத் தொகுப்புக்குப் போய்விடும், எண்ணிக்கை குறையும். இருந்தாலும் பொய்யான வருகை, பிரச்சினை இருப்பதையே மறைத்துவிடும் என்று தலைமையாசிரியை உறுதியாக இருந்தார். அதற்குப் பதிலாக வட்டாரக் கல்வி அலுவலரிடம் மாதக் கணக்குத் தாளையே எடுத்துப்போய்க் காட்டினார்.

மூன்றாவது, தங்கும் பிள்ளைகளுக்கான ஏற்பாடு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்திருந்தது. பாட்டிகளிடம் பேசியபோது இதன் பலம் தெரிந்தது. பிள்ளையை வைத்துக்கொள்ளத் தயங்கிய பாட்டிகளின் பெரிய கவலை காலைச் சமையல்தான். விடியலில் ஆடு ஓட்டவோ நூறு நாள் வேலைக்கோ போக வேண்டும். காலையும் மதியமும் பள்ளியில் சாப்பாடு என்றால் இரவு ஒருவேளை மட்டும்தான். மாலையில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் ஒருவர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அந்த நேரத்தை இருட்டும்வரை நீட்டிக்கக் கேட்டோம். ஒரு பாட்டி ஆசிரியையிடம், "சோறு ஆக்கிப் போட்டுடுவேன் டீச்சர். பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு தெரியல. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல்னா நான் எங்க போவேன்?" என்று கேட்டார். அதற்காக, தெருவுக்கு ஒரு வீடு பொறுப்பு என்று குழுத் தலைவி பிரித்துக் கொடுத்தார். பெற்றோரின் கைபேசி எண் அந்த வீட்டிலும் பள்ளியிலும் இருக்கும்.

நான்காவது, ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பெண்பிள்ளைகளுக்குக் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா உறைவிடப் பள்ளி. பெற்றோர் சிலரை அங்கே நேரில் அழைத்துப்போய்க் காட்டினோம். விடுதி அறையையும் பூட்டும் கதவையும் பார்த்த பிறகுதான் அப்பாக்கள் பேசவே ஆரம்பித்தார்கள்.

ஐந்தாவது, கூடவே போகத்தான் போகிறார்கள் என்ற பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டுக்குள் இருக்கும் சூளை என்றால் அங்கே பக்கத்துப் பள்ளியில் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையின் எமிஸ் எண், வகுப்பு, இதுவரை முடித்த பாடம் எல்லாம் எழுதிய ஓர் அட்டையைப் பெற்றோர் கையில் கொடுத்தோம். கர்நாடகம் போகிறவர்களுக்கு இது உதவாது. அங்கே பாடமொழி கன்னடம். இந்த வட்டாரப் பிள்ளைகள் பலருக்குக் கன்னடம் பேச வரும், எழுதப் படிக்க வராது.

ஆறாவது பாட வரிசை. போகப்போகும் பிள்ளைகள் அதிகம் உள்ள வகுப்புகளில், மூன்றாம் பருவக் கணக்கிலும் தமிழிலும் அடிப்படையானவற்றை மார்கழிக்கு முன்பே எடுத்துவிடுவது. ஜூனில் திரும்பியதும் தனியாக ஒரு மாதம் பழைய பாடம்.

ஒரு குடும்பம்

எல்லாக் குடும்பத்தையும் எழுத இடமில்லை. முடிவுகள் நடைமுறையில் எப்படி உருமாறின என்பதை ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன்.

கணவன், மனைவி, ஏழாம் வகுப்பில் பெண், நான்காம் வகுப்பில் பையன், ஒன்றரை வயதுக் குழந்தை, கணவனின் தாய். ஒரு ஏக்கருக்கும் குறைவான மானாவாரி நிலம். குழந்தையின் பிரசவ நேரத்தில் வாங்கிய கடனை அடைக்கச் சூளையில் ஜோடியாக முன்பணம் வாங்கியிருந்தார்கள். முந்தைய ஆண்டு மூன்று பிள்ளைகளும் கூடவே போனார்கள். மூத்த பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். பையன் காய்ந்த கல்லைத் திருப்பிப் போட்டான்.

2024 தையில் பெண்ணையும் பையனையும் பாட்டியிடம் விட்டுப்போகச் சம்மதித்தார்கள். உறைவிடப் பள்ளி வேண்டாம் என்றார் தாய். பாட்டிக்கும் துணை வேண்டுமே என்று. இரண்டு பிள்ளைகளும் ஏப்ரல் வரை பள்ளிக்கு வந்தார்கள். பெண் ஆண்டுத் தேர்வு எழுதினாள். அவள் மூன்றாம் பருவத்தை முழுதாகப் படித்தது அதுவே முதல் முறை.

ஆனால் சூளையில் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. தாய் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருந்ததால் அறுக்கும் கல் குறைந்தது. ஆயிரம் கல் கணக்கில் கூலி என்பதால், மற்ற ஜோடிகள் முன்பணத்தைக் கழித்துவிட்டுக் கையில் கொஞ்சம் பணத்தோடு வந்தபோது இவர்கள் பாக்கியோடு வந்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்கான விலையை அந்தத் தாயின் உடம்பும் அந்த வீட்டுக் கடனும் கொடுத்தன. இதை வெற்றி என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டு அவர்கள் தாங்களே வேறு வழி எடுத்தார்கள். பாக்கியை மகளிர் குழுக் கடன் வாங்கி அடைத்தார்கள். கணவர் மட்டும் பெங்களூருக்குக் கம்பி கட்டப் போனார். மனைவி ஊரில் தங்கினார். நூறு நாள் வேலை, இரண்டு ஆடு. வாரக்கூலி என்பதால் முன்பணத்தில் மாட்டவில்லை. மாதம் ஒருமுறை அவர் வந்துபோகிறார். பெண் எட்டாம் வகுப்பை முடித்தாள்.

பின்விளைவுகள்: 2024 – 2025

இந்த வீட்டில் நடந்தது தனி நிகழ்வு அல்ல. 2025 தையில் மாதக் கணக்கைத் திரும்ப எடுத்தபோது, சூளைக்குக் குடும்பமாகப் போன வீடுகள் குறைந்து, பெங்களூருக்கு ஆண் தனியாகப் போன வீடுகள் கூடியிருந்தன. ஊரிலிருந்து வெளியே போன மொத்த ஆட்கள் ஏறக்குறைய அதே அளவு. இடப்பெயர்வு குறையவில்லை, அதன் வடிவம் மாறியது. பள்ளிக்கு இது நல்லது. ஆனால் நிலம், ஆடு, மாமியார், பிள்ளைகள், ரேஷன், வங்கி எல்லாம் தனியாக நிற்கும் பெண்ணின் தலையில் விழுகின்றன. மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் தாய்மார்களின் எண்ணிக்கைகூடக் குறைந்தது, அவர்களுக்கு நேரமில்லை.

மூன்றாம் பருவ வருகை தெளிவாக உயர்ந்தது. பங்குனியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் முக்கால்வாசிப் பிள்ளைகள் இருந்தார்கள். பையன்களைவிடப் பெண்பிள்ளைகளின் வருகை அதிகம் கூடியது. உறைவிடப் பள்ளிக்குப் போன பெண்களில் ஒருத்தி ஒட்டாமல் திரும்பி வந்தாள், மற்றவர்கள் தொடர்கிறார்கள். சூளைப் பக்கத்துப் பள்ளியில் அட்டையைக் காட்டிச் சேர்ந்த பிள்ளைகள் மிகச் சிலரே. பள்ளி தொலைவு, காலையில் கல் அறுக்கும் நேரத்தில் கூட்டிப்போக ஆளில்லை. அட்டை இருந்தும் கால் நடக்க வேண்டுமே.

மொத்தச் சேர்க்கை தொடர்ந்து குறைகிறது. பிறப்புக் குறைவால் வருவது இது, எதிர்பார்த்ததுதான். மூன்றாவது ஆசிரியர் பணியிடம் இப்போதைக்குத் தப்பியிருக்கிறது.

எதிர்பாராத ஒரு விஷயம் ரேஷன். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் பெங்களூரிலேயே அரிசி வாங்கலாம் என்று சொல்லியிருந்தோம். அது முன்னுரிமைக் குடும்ப அட்டை, மிக வறிய குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டை உள்ளவர்களுக்குத்தான் செல்லும். தமிழ்நாட்டில் எல்லாருக்கும் அட்டை இருப்பதால் ஊரில் யாரும் அந்த வேறுபாட்டைக் கவனித்ததில்லை. முன்னுரிமையற்ற அட்டைக்காரர்கள் அங்கே வெளிச் சந்தையில்தான் வாங்கினார்கள்.

அடுத்த முறை மாற்றப்போவது

கைக்குழந்தைதான் முடிச்சு என்று தெரிந்துவிட்டது. அடுத்த தைக்கு முன், இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளை ஊரிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று அங்கன்வாடிப் பணியாளரோடு சேர்ந்து வீடு வாரியாகப் பேசுவதாகத் திட்டம். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குச் சூளையிலேயே ஒரு கொட்டகையும் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணும் வேண்டும். அதை மேஸ்திரிகளிடம் முன்பணம் வாங்கும் நேரத்திலேயே கேட்க வேண்டும். வேலை தொடங்கிய பிறகு கேட்கும் பலம் இவர்களுக்கு இல்லை. ஐப்பசியில் ஆள் பிடிக்க வருவார்கள். ஆகவே எங்கள் கூட்டத்தையும் மார்கழியிலிருந்து ஐப்பசிக்கு முன்னே கொண்டுவருகிறோம்.

காபித் தோட்டத்துக்குப் போகும் குடும்பங்களை இந்த முறை அதிகம் தொடவில்லை. பிள்ளைகள் குறைவு என்பதால் தள்ளிவைத்தோம். ஆனால் கார்த்திகையிலேயே போய் மாசியில் வரும் அந்தச் சில பிள்ளைகள் இரண்டு பருவத்தையும் பாதிப் பாதியாக இழக்கிறார்கள். ஜூனில் நடத்தும் பழைய பாடம் அவர்களுக்குப் பொருந்தாது. மாசியில் ஒன்று வேண்டும்.

தனியாக ஊரில் நிற்கும் தாய்மார்களுக்காகக் குழுக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மாற்றுவது முடிவாகிவிட்டது. ரேஷன் அட்டை வகையைப் பார்த்துச் சொல்லும் வேலையை எட்டாம் வகுப்பு மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். மறுபடியும் மாசி. அப்போது பூட்டியிருக்கப்போகும் வீடுகளின் பட்டியலையும், அந்தக் குடும்பங்கள் இருக்கும் சூளை, கட்டட இடங்களின் விவரத்தையும் மாதக் கணக்கிலிருந்து எடுத்துத் தயாராக வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். கிளம்பும் முன், கணக்கெடுப்பாளர் வந்தால் ஷெட்டிலேயே பெயர் கொடுக்கச் சொல்லி அனுப்பவும் வேண்டும். அதற்கான தாளை இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு வரையத் தொடங்கியிருக்கிறது.